சூப்பர் ஃபேமிகாம் விளையாட்டுகளை அசல் பெட்டியோடு சேர்ப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பழைய வீடியோ கேம்களைப் பெட்டியோடு சேர்ப்பவர் உண்மையில் காகிதம் சேர்க்கிறார். கேசட்டின் பிளாஸ்டிக் ஓடும் உள்ளே விளையாட்டு பதிந்திருக்கும் ரோம் சிப்பும் 30 ஆண்டுகளைச் சாதாரணமாகத் தாண்டிவிடும். அட்டைப் பெட்டி அப்படியல்ல. ஓரம் நசுங்கும், வெயிலில் வெளிறும், ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். வாங்கிய அன்றே பெட்டியைக் குப்பையில் போட்ட வீடுகளும் ஏராளம். அதனால்தான் வெறும் கேசட்டுக்கும் பெட்டியோடு உள்ள பிரதிக்கும் விலையில் அவ்வளவு இடைவெளி. வாங்குவது, சோதிப்பது, அனுப்பச் சொல்வது, வைத்துக் காப்பது என்று எல்லாப் படியிலும் காகிதத்தை முன்வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

இந்த வழிகாட்டி நிண்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் என்ற வீடியோ கேம் கருவிக்கு வந்த ஜப்பான் பதிப்பு விளையாட்டுகளை எடுத்துக்கொள்கிறது. 90களில் நம் ஊர்க் கடைகளில் கிடைத்த 60 முள் (கருவியோடு இணையும் உலோக முனை) கேசட்டுகள் அதற்கு முந்தைய ஃபேமிகாமின் நகல் கருவிகளுக்கானவை. அவை இங்கே பேசப்படவில்லை.

1. எல்லையை முதலில் வகுத்துக்கொள்ளுங்கள்

சூப்பர் ஃபேமிகாம் 1990 நவம்பர் 21 அன்று ஜப்பானில் 25,000 யென் விலையில் வந்தது. அதற்கு 1,400க்கும் மேற்பட்ட விளையாட்டுகள் வெளியாயின. எல்லாவற்றையும் சேர்க்கப் போகிறேன் என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் மலிவான பேஸ்பால், மாஜோங் விளையாட்டுகளால் அலமாரியை நிரப்பிவிட்டுச் சோர்ந்துவிடுவார்கள். ஒரு நிறுவனம், ஒரு தொடர், ஒரு வகை என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இலக்கு 20 பிரதிகளுக்குள் முடிவதாக இருக்கட்டும்.

ஜப்பான் பதிப்பைத் தேர்ந்தெடுக்கப் பணம் சார்ந்த காரணமும் உண்டு. டிராகன் குவெஸ்ட் 5 (1992), ஃபைனல் ஃபேன்டஸி 6 (1994), க்ரோனோ ட்ரிகர் (1995) ஆகியவை ஜப்பானில் மட்டும் தலா 20 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றவை. கடைசி இரண்டின் வெளியீட்டு விலை 11,400 யென். இத்தனை பிரதிகள் உலவுவதால் இன்றும் பெட்டியோடு சுலபமாகக் கிடைக்கின்றன. இதே க்ரோனோ ட்ரிகரின் அமெரிக்கப் பெட்டிக்குப் பல மடங்கு பணம் தேவைப்படும்.

மொழிதான் தடை. கதை படித்து ஆட வேண்டிய விளையாட்டுகள் ஜப்பானிய மொழி தெரியாதவருக்குக் காட்சிப் பொருளாக நின்றுவிடும். ஆடவும் வேண்டும் என்றால் எஃப்-ஸீரோ, சூப்பர் மாரியோ வேர்ல்ட், சூப்பர் மெட்ராய்ட் போன்றவற்றில் தொடங்குங்கள். ரெண்டரிங் ரேஞ்சர் ஆர்2 மாதிரி அரிதானவற்றின் பக்கம் முதல் வருடத்தில் போகவே வேண்டாம். கண் பழகாமல் பெரிய தொகையை வைப்பது ஆபத்து.

2. முழுத் தொகுப்பில் என்னென்ன இருக்கும்

குறைந்தபட்சம் நான்கு: வெளிப்பெட்டி, உள்தட்டு, கையேடு, கேசட். உள்தட்டு விளையாட்டைப் பொறுத்து மடித்த அட்டையாகவோ மெல்லிய பிளாஸ்டிக்காகவோ இருக்கும். தனியாகப் பார்த்தால் குப்பை போலத் தெரிவதால் அதிகம் தொலைவது இதுதான். தட்டு இல்லாத பெட்டிக்குள் கேசட் உருண்டு உள்ளிருந்தே மூலைகளை இடிக்கும்.

இவற்றுக்கு மேல் விளம்பரத் தாள், வாசகர் கருத்து அஞ்சலட்டை, வரைபடம், ஸ்டிக்கர் தாள் என்று வருபவை விளையாட்டுக்கு விளையாட்டு மாறும். எந்தப் பதிப்பில் எது வந்தது என்று வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே விளையாட்டு நாட்டுக்கு நாடு வேறு உருவம் எடுப்பதும் உண்டு. 1994இல் ஜப்பானில் வந்த மதர் 2 வழக்கமான சிறிய பெட்டியில் வந்தது. 1995இல் அதுவே எர்த்பவுண்ட் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனபோது, வழிகாட்டிப் புத்தகமும் முகர்ந்து பார்க்கும் அட்டைகளும் வைத்த பெரிய பெட்டியாகிவிட்டது. ஒன்றின் பட்டியலை வைத்து மற்றதில் குறை தேடக் கூடாது.

பெட்டியே இல்லாமல் பிறந்த பிரதிகளும் இருக்கின்றன. 1997 முதல் ஜப்பானின் லாசன் கடைகளில் காலி மெமரி கேசட்டில் விளையாட்டை எழுதித் தரும் நிண்டெண்டோ பவர் சேவை நடந்தது. ஃபயர் எம்ப்ளம்: த்ரேசியா 776 முதலில் 1999இல் இந்த மெமரி கேசட்டில்தான் வந்தது. சாதாரண ரோம் கேசட் 2000இல் தனிப் பெட்டியோடு வெளியானது. மெமரி கேசட்டை ரோம் பதிப்பின் பெட்டியில் வைத்து "முழுமை" என்று விற்றால் அது பொருந்தாத ஜோடி.

3. விற்பனைக் குறிப்பைப் படிப்பது

ஜப்பானில் சூப்பர் பொட்டேட்டோ, மந்தராகே, சுருகாயா, புக் ஆஃப், ஹார்ட் ஆஃப் ஆகியவை பழகிய பெயர்கள். தோக்கியோவின் அகிஹபாராவும் நகானோ பிராட்வேயும், ஒசாகாவின் டென் டென் டவுனும் நேரில் பார்த்து வாங்க நல்ல இடங்கள். சுற்றுலாப் பயணிகள் குவியும் கடைகளில் விலை கூடுதலாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் யாஹூ ஏலம், மெர்காரி தளங்களில் பையீ, ஸென்மார்க்கெட் போன்ற இடைத்தரகு சேவைகள் வழியாக எடுக்கலாம்.

குறிப்பில் வரும் சில சொற்களைப் பழகிக்கொண்டால் பாதி ஏமாற்றம் தவிரும். "ஹாகோ செட்சு ட்சுகி" என்றால் பெட்டியும் கையேடும் உண்டு. அந்தச் சொல் உள்தட்டைப் பற்றி எதுவும் உறுதி தராது என்பதைக் கவனியுங்கள். "கெப்பின்" ஏதோ குறைகிறது, "ஹியாகே" வெயிலில் வெளிறியது, "யாபுரே" கிழிசல், "ஷிமி" கறை, "நாமாயேகாகி" பழைய உரிமையாளர் பேர் எழுதியது. "தோசா காகுனின்" இயக்கிப் பார்த்தது. "ஜங்க்" என்று போட்டால் எந்த உத்தரவாதமும் இல்லை, திருப்பி அனுப்பவும் முடியாது.

படங்களில் ஆறு பக்கங்களும் தெரிய வேண்டும். முகப்பை மட்டும் காட்டும் விற்பனையாளரிடம் இரண்டு மடிப்பு முனைகளையும் முதுகையும் படம் கேளுங்கள். மறுத்தால் நகர்ந்துவிடுங்கள். இவ்வளவு பிரதிகள் உலவும்போது அவசரத்துக்கு இடமே இல்லை.

4. காகிதத்தைச் சோதிப்பது

முதலில் முனை மடல்கள். மடலின் இரு ஓரங்களிலும் உள்ள சிறிய வெட்டில்தான் கிழிசல் தொடங்கும். பெரும்பாலானோர் ஒரே முனையைத்தான் திறந்திருப்பார்கள். இரண்டு முனையிலும் தேய்மானம் இருந்தால் அந்தப் பெட்டி நிறையக் கையாளப்பட்டது.

அடுத்து நிறம். அச்சு மைகளில் மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் மங்கும், நீலம் நிலைத்திருக்கும். அலமாரியில் முதுகு மட்டும் வெளிச்சம் பார்த்த பெட்டியில் முகப்பின் சிவப்புக்கும் முதுகின் சிவப்புக்கும் வேறுபாடு தெரியும். வெளிறலைச் சரிசெய்ய எந்த வழியும் இல்லை. நசுங்கல், தூசி, விலை ஸ்டிக்கர் ஆகியவற்றை ஓரளவு சீராக்கலாம். ஆகவே ஒரே விலையில் இரண்டு பிரதிகள் கிடைத்தால், நிறம் போனதை விட்டுவிட்டு லேசாக நசுங்கியதை எடுங்கள்.

கையேட்டின் நடுவில் உள்ள ஸ்டேப்பிள் பின்னைப் பாருங்கள். துரு ஏறியிருந்தால் அந்தப் பிரதி ஈரத்தில் இருந்திருக்கிறது, அட்டையின் உள்பக்கத்திலும் பழுப்புப் புள்ளிகள் இருக்க வாய்ப்பு அதிகம். நடுத்தாள் கழன்று காணாமல் போயிருப்பது சகஜம் என்பதால் பக்க எண்களைத் தொடர்ச்சியாகச் சரிபாருங்கள். நேரில் வாங்கினால் முகர்ந்து பாருங்கள். சிகரெட் நெடி போக மாதங்கள் ஆகும். பூஞ்சை நெடி உள்ள ஒன்று அலமாரியில் நுழைந்தால் மற்றவற்றுக்கும் பரவும்.

5. போலியைப் பிரிப்பது

மலிவான ஜப்பான் பெட்டிகளைப் போலி செய்ய யாரும் மெனக்கெடுவதில்லை. விலை ஏற ஏறச் சந்தேகமும் ஏறட்டும்.

பெட்டிக்கு 30 மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் போதும். அசல் ஆஃப்செட் அச்சில் படங்களின் வண்ணப் புள்ளிகள் ஒழுங்கான வட்டக் கொத்துகளாக அமைந்திருக்கும். கறுப்பு எழுத்தின் விளிம்பு கத்தி வைத்து வெட்டியதுபோல் கூர்மையாக இருக்கும். இன்க்ஜெட் நகலில் புள்ளிகள் தாறுமாறாகச் சிதறியிருக்கும். ஸ்கேன் செய்து அச்சிட்டதில் சிறிய எழுத்துகளின் விளிம்பே வண்ணப் புள்ளிகளாக உடைந்திருக்கும். மிகச்சிறிய எழுத்தில் உள்ள உரிமை வாசகத்தை முதலில் பாருங்கள், நகல்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். நிண்டெண்டோவே வெளியிட்ட விளையாட்டுகளின் பார்கோடு 4902370 என்று தொடங்கும். பெட்டியிலும் கேசட்டிலும் உள்ள, எஸ்ஹெச்விசி (SHVC) என்று தொடங்கும் தயாரிப்புக் குறியீடு ஒன்றாக இருக்க வேண்டும். சூப்பர் மாரியோ வேர்ல்டுக்கு அது எஸ்ஹெச்விசி-எம்டபிள்யூ.

கேசட்டைத் திறக்க நிண்டெண்டோவின் தனி வகைத் திருகுகளுக்கான 3.8 மி.மீ. கேம்பிட் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். கருவியைத் திறக்க 4.5 மி.மீ. தேவைப்படும். கேசட்டில் சாதாரண நட்சத்திரத் திருகு இருந்தால் யாரோ மாற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அசல் பலகையில் நிண்டெண்டோ பெயரும் ஆண்டும் எஸ்ஹெச்விசி என்று தொடங்கும் பலகை எண்ணும் அச்சாகியிருக்கும். கறுப்புப் பசைக் குமிழுக்குள் சிப்பை மூடியிருப்பதும், மெல்லிய ஒயர்கள் தாவியிருப்பதும் போலியின் அடையாளம். ஸ்டார் ஃபாக்ஸ் போல சூப்பர் எஃப்எக்ஸ் என்ற கூடுதல் சிப் உள்ளவற்றில் முள்வரிசை இரு ஓரங்களிலும் நீண்டிருக்கும். நடுப்பகுதி முள் மட்டும் உள்ள "ஸ்டார் ஃபாக்ஸ்" அசலாக இருக்க முடியாது.

வேறு வேறு பிரதிகளிலிருந்து பெட்டியையும் கையேட்டையும் ஜோடி சேர்ப்பது போலி ஆகாது. சேகரிப்பாளர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். ஆனால் விற்கும்போது அதைச் சொல்லியாக வேண்டும்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காதது என்ற விளம்பரத்தை மட்டும் நம்பிப் பெரிய விலை தராதீர்கள். சுருக்கு உறை போடும் இயந்திரம் கடைகளிலேயே உண்டு. 2021 ஜூலையில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 ஒன்று 15.6 லட்சம் டாலருக்குப் போனது. தரச்சான்றுப் பெட்டிக்குள் அடைத்து விற்கும் அந்தச் சந்தை வேறு உலகம். கையேட்டைப் புரட்டவும் கேசட்டைச் செருகி ஆடவும் விரும்புபவருக்கு அங்கே வேலை இல்லை.

6. அனுப்பச் சொல்வது

பெட்டிகள் அதிகம் நசுங்குவது கடையிலோ வீட்டிலோ அல்ல, பார்சலில். இடைத்தரகு சேவையில் பல பொருட்களை ஒன்றாக்கிக் கட்டச் சொல்லும்போது கூடுதல் பாதுகாப்புக் கட்டும் தெரிவைக் கட்டாயம் எடுங்கள். எடை குறைக்க விற்பனையாளர் போட்ட உறையை நீக்கும் தெரிவு இருந்தால் அதை விட்டுவிடுங்கள். இரட்டை அட்டைப்பெட்டி, நடுவில் எல்லாப் பக்கமும் 5 செ.மீ. மெத்தை, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனி பிளாஸ்டிக் பை, இரண்டுக்கு இடையே கெட்டி அட்டை: இந்த நான்கையும் குறிப்பில் எழுதுங்கள். கனமான கருவியையும் விளையாட்டுப் பெட்டிகளையும் ஒரே பார்சலில் போடவே கூடாது. கருவி ஒருமுறை சரிந்தால் பெட்டிகள் காலி.

இந்தியாவுக்கு வரவழைத்தால் சுங்கவரி பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. அனுப்பும் செலவையும் சேர்த்த மதிப்புக்குக் கணக்கிடுவார்கள். விலைப்பட்டியலை உண்மையான தொகையில் வைத்திருங்கள். குறைத்துக் காட்டினால் காப்பீட்டுத் தொகையும் குறையும்.

பார்சல் வந்ததும் 24 மணி நேரம் பிரிக்காமல் அறையில் வையுங்கள். குளிர்ந்த சரக்கிலிருந்து ஈரக்காற்றுக்கு வரும் அட்டையில் உடனே நீர் படியும்.

7. சுத்தமும் பழுதும்

உலர்ந்த, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுங்கள். பளபளப்பான வெளிப்பரப்பை மட்டும் மைக்ரோஃபைபர் துணியால் துடைக்கலாம். உள்பக்க அட்டையில் ஈரமே படக்கூடாது. பென்சில் கறைக்கு வெள்ளை வினைல் அழிப்பான் போதும்.

விலை ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் 20 செ.மீ. தூரத்திலிருந்து இளஞ்சூட்டில் சூடாக்கி, அட்டைக்கு இணையாக மெல்ல இழுங்கள். மேல்நோக்கி இழுத்தால் அச்சுப்படலமும் சேர்ந்து வரும். எஞ்சிய பசையில் லைட்டர் திரவத்தைப் பஞ்சுக் குச்சியில் ஒரு துளி தொட்டுத் துடைக்கலாம். முதலில் அடிப்பக்கத்தில் சோதியுங்கள். நெருப்பு அருகே வேண்டாம். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலைப் பெட்டியிலும் கேசட் லேபிளிலும் பயன்படுத்தாதீர்கள், மை கரையும். அது முள்ளுக்கு மட்டும்: 90 சதவீதத்துக்கு மேற்பட்டதைப் பஞ்சுக் குச்சியில் நனைத்து, கறுப்பு வருவது நிற்கும்வரை துடையுங்கள். உப்புத்தாளும் உலோகப் பாலிஷும் தங்க முலாமைத் தின்றுவிடும்.

கிழிசலை உள்பக்கத்திலிருந்து மெல்லிய ஜப்பானிய வாஷி தாளால் ஒட்டுங்கள். மைதாப் பசை பூச்சியை அழைக்கும், எனவே நம் ஊர் ஈரத்தில் மெத்தில் செல்லுலோஸ் பசையே நல்லது. செலோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகி அட்டைக்குள் ஊறும், அதற்குப் பிறகு எடுக்கவே முடியாது. தேய்ந்த ஓரத்தில் மார்க்கரால் நிறம் பூசுவது கெடுப்பதற்குச் சமம்.

பூஞ்சை தெரிந்தால் பிரதியைத் தனிமைப்படுத்தி, நன்றாக உலரவிட்டு, முகக்கவசத்தோடு வெளியில் வைத்துத் தூரிகையால் தட்டுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் வித்துகளைத் தேய்த்துப் பரப்புகிறீர்கள். அந்துப்பூச்சிச் சந்தேகம் இருந்தால் பிரதியைக் காற்றுப் புகாத பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் கழித்துத்தான் பையைத் திறக்க வேண்டும். கேசட்டை முன்பே எடுத்துவிடுங்கள்.

8. சேவ் பேட்டரி

ஆட்டத்தைச் சேமிக்கும் பல கேசட்டுகளில் சிஆர்2032 பேட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கும். அசல் 3 வோல்ட், 2.5க்குக் கீழே போனால் மாற்றும் நேரம். பழைய உரிமையாளரின் சேமிப்பை வைத்துக்கொள்ள விரும்பினால், பேட்டரியைத் தொடும் முன் கேசட் ரீடர் கருவியால் அதைக் கணினிக்கு எடுத்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றினால் அது போய்விடும். பிறகு 350 டிகிரி சூட்டில் பழைய ஈயத்தை உருக்கி எடுத்து, காது (பற்றவைப்பதற்கான உலோகத் தகடு) வைத்த சிஆர்2032ஐப் பலகையில் குறித்த நேர், எதிர் முனைகளின்படி பற்றவையுங்கள். காது இல்லாத பேட்டரியின் மீது நேரடியாகச் சால்டர் வைத்தால் அது வெடிக்கக்கூடும். டேப்பால் அமுக்கிவைப்பதும் நிற்காது.

சோதித்து ஆட ஜப்பான் கருவி வாங்கினால், அதன் அடாப்டர் 100 வோல்ட்டுக்கானது என்பதை மறக்க வேண்டாம். நம் 230 வோல்ட்டில் செருகினால் அந்த நொடியே புகையும். தரமான இறக்கு மின்மாற்றி வையுங்கள். அசல் அடாப்டர் தருவது 10 வோல்ட் டிசி, 850 மில்லிஆம்பியர், நடுமுனை எதிர்முனை. அதற்கு மாறான முனை கொண்ட அடாப்டரைப் பொருத்தவே கூடாது.

9. வைத்துக் காப்பது

சென்னை, யாழ்ப்பாணம், சிங்கப்பூர் எதுவானாலும் நம் எதிரி ஈரப்பதம்தான். இலக்கு 45 முதல் 50 சதவீதம். கேமராவுக்கு விற்கும் உலர் அலமாரி இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் ரப்பர் விளிம்பு வைத்த 30 லிட்டர் பிளாஸ்டிக் பெட்டி, 100 கிராம் நிறம் மாறும் சிலிகா ஜெல், ஒரு சிறிய ஈரப்பத மானி. நிறம் மாறியதும் ஜெல்லை 120 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம் சூடாக்கித் திரும்பப் பயன்படுத்தலாம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மானியை வாரம் ஒருமுறை பாருங்கள். 35 சதவீதத்துக்குக் கீழே இறக்கவும் வேண்டாம், அட்டை வளையும், லேபிள் சுருளும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் 0.4 அல்லது 0.5 மி.மீ. தடிமனுள்ள பெட் பிளாஸ்டிக் உறை போடுங்கள். பிவிசி வேண்டாம், அதிலிருந்து கசியும் மென்மையாக்கிகள் அச்சில் ஒட்டிக்கொள்ளும். வாங்கும் முன் உங்கள் பெட்டியை அளந்து, ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. கூடுதலாக இருக்கிறதா என்று பாருங்கள். இறுக்கமான உறையே மூலையைத் தேய்த்துவிடும்.

புத்தகம் போலச் செங்குத்தாக நிறுத்துங்கள். படுக்கவைத்தால் நான்குக்கு மேல் அடுக்க வேண்டாம். ரப்பர் பேண்ட் ஒருபோதும் கூடாது. ஜன்னல் வெளிச்சம் படாத மூடிய அலமாரியே சரி. காட்சிக்கு வைக்க ஆசைப்பட்டால் சில பெட்டிகளை மட்டும் மாதாமாதம் மாற்றி வையுங்கள்.

10. பதிவேடு

ஒரு விரிதாள் போதும்: பெயர், எஸ்ஹெச்விசி குறியீடு, வாங்கிய தேதி, விலை, அனுப்பும் செலவு, வரி, எவை உண்டு, எவை இல்லை, பெட்டியும் கையேடும் ஒரே பிரதியா ஜோடி சேர்த்ததா, பேட்டரி மாற்றிய ஆண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆறு பக்கப் படமும் உள்ளடக்கத்தைப் பரப்பிவைத்த ஒரு படமும் எடுத்து, வீட்டுக்கு வெளியே இன்னோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில் எடுத்த புதுப் படங்களைப் பழையவற்றோடு ஒப்பிட்டால், கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாத வெளிறலும் புதிய புள்ளிகளும் அப்போது தெரியவரும். அப்படித் தெரிந்தால் அந்த அலமாரியின் இடத்தையோ சிலிகா ஜெல்லின் அளவையோ மாற்றுங்கள்.